ஆல்டோ போதும் சாமி!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சண்டை போடலாம்னு வந்திருக்கேன். கோவம் வந்தா கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

டாலஸ்ல இருக்கிற நம்மாளுங்க நீண்ட வார இறுதி வந்தா என்ன பண்றோம்? வியாழக்கிழமை ராத்திரி திடீர்னு தோணும். பழைய கரோலால டென்ட், ரைஸ் குக்கர், புளியோதரை எல்லாத்தையும் திணிச்சுக்கிட்டு ஆயிரம் மைலுக்கு மேல ஓட்டி கிராண்ட் கேன்யன் போறோம். நியூ மெக்சிகோ பக்கம் வழியில ஈ காக்கா இருக்காது. பயந்தோமா? இல்லை. திரும்பி வந்து ஆறு மாசம் பீத்திக்குவோம்.

அதே ஆளு லீவுல ஊருக்கு வந்தா? பெரிய வண்டி, டிரைவர், மூணாறுல ரெண்டு மாசம் முன்னாடியே போட்ட ரிசார்ட், பெட்டி பெட்டியா தண்ணி பாட்டில். ஏன்யான்னு கேட்டா, "இங்கல்லாம் சேஃப் இல்லப்பா!" நானும் பத்து வருஷம் இதைத்தான் சொன்னேன். அதனால திட்டுற தகுதி எனக்கு உண்டு.

போன லீவுல, சின்னமனூர்ல மாமனார் வீட்டுல, மச்சானோட ஆல்டோ சாவியை எடுத்தேன்.

"எங்க மாப்ள?"

"தெரியல மச்சான். மலை மேல எங்கயாவது."

"இந்த டப்பாலயா?"

மாமியார் வாசல் வரைக்கும் வந்து, "பச்சப்புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போறீக?"ன்னாங்க. அதுக்குள்ள என் பொண்ணு பின் சீட்டுல ஏறி உக்காந்தாச்சு.

போடியில இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஏசியை அணைச்சா ஆல்டோ முனகிக்கிட்டே ஏறிடும். அப்புறம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை. ரெண்டு பக்கமும் மர நிழல்ல ஏலத்தோட்டம். எதிர்ல லாரி வந்தா பெரிய வண்டிக்காரர் முழிப்பார். நாம ஓரமா ஒதுங்கிடலாம். சதுரங்கப்பாறையில நின்னா கீழ தேனி மாவட்டம் பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. "தாத்தா வீடு எது?"ன்னு பொண்ணு தேடினா.

சாயங்காலம் எதிர்ல ஜீப்புங்க வர ஆரம்பிச்சுது. உள்ள பூரா பொம்பளைங்க. போடி, கம்பம் பக்கத்து ஊர்கள்ல இருட்டோட எழுந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியா மலையேறி, செடி அடியில குனிஞ்சே காய் பறிச்சிட்டு வீடு திரும்பறவங்க. என் பொண்ணு ஒரு ஜீப்ல பதினாலு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டா.

"அப்பா, அவங்களுக்கு சீட் பெல்ட் இல்லையா?"

பதில் சொல்ல வாய் வரலை. வருஷத்துக்கு ஒரு நாள் அந்த ரோட்டுல போக நமக்கு "சேஃப் இல்ல". தினம் ரெண்டு வேளை போறவங்களைப் பத்தி நாம என்னைக்காவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கோமா? கறுப்புக் கண்ணாடி ஏத்தின வண்டிக்குள்ள இருந்திருந்தா என் பொண்ணு அந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டா.

"குரங்கணி மறந்துபோச்சா?"ன்னு கேப்பீங்க. மறக்கலை. 2018 மார்ச் 11-ல காட்டுத்தீயில சிக்கி மலையேறப் போனவங்க இருபதுக்கும் மேல செத்துப்போனாங்க. சின்னக்கானல்ல அரிசிக்காகக் கடை, வீடுன்னு உடைச்ச அரிக்கொம்பனை 2023 ஏப்ரல்ல பிடிச்சுப் பெரியாறு காட்டுல விட்டாங்க. மே மாசம் அது கம்பம் டவுனுக்குள்ளயே வந்து நின்னுச்சு. அமெரிக்காவுல தேசிய வனங்கள் பலதுல சும்மா ஒரு இடம் பாத்து டென்ட் அடிக்கலாம். இங்க அது நடக்காது. ஒவ்வொரு அடியும் ஒண்ணு யாரோட தோட்டமோ, இல்ல வனத்துறை காடு. அனுமதி இல்லாம நுழையறது வீரம் இல்ல, முட்டாள்தனம்.

நாங்க எங்க டென்ட் போட்டோம்? டீக்கடை அக்கா வீட்டு முத்தத்துல. அவங்க பூர்வீகம் தேவாரம். "துணிக்கொட்டாய ஆனை மதிக்காது தம்பி, இங்கன போடுங்க"ன்னு சொல்லி ராத்திரி கப்பக்கிழங்கும் குடுத்தாங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. எந்த ரிசார்ட்ல இது கிடைக்கும்?

இன்னொண்ணு. 1956-ல தேவிகுளம், பீர்மேடு கேரளாவுக்குப் போனதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நம்ம வீட்டு விருந்துகள்ல ரசம் ஆறிப்போகும். மண்ணுக்காக அவ்வளவு கொதிக்கிறோமே, அந்த மண்ணுல இன்னிக்கும் குனிஞ்சு நிக்கிற நம்ம சனத்துல ஒருத்தர்கிட்டயாவது நின்னு பேசியிருக்கோமா? 2011 டிசம்பர்ல முல்லைப்பெரியாறு சண்டையில தோட்டத் தொழிலாளிங்க பயந்து மலையிறங்கி ஓடி வந்தப்போ நாம எங்க இருந்தோம்? நான் டிவி முன்னாடி இருந்தேன்.

அடுத்த லீவுல ரிசார்ட்டை விடுங்க. ஒரு சின்ன வண்டி, ரெண்டு போர்வை, போற வழியில நின்னு பேச நேரம். அது போதும்.

என் பொண்ணு பாயசத்துல ஏலக்காய் பல்லுல பட்டா துப்பிடுவா. இப்பவும் துப்புறா. ஆனா "ஜீப் அத்தைங்க பறிச்சது"ன்னு சொல்லி, தட்டு ஓரமா பத்திரமா வைக்கிறா.