கேளாமல் வந்த இன்ஷ்யூரன்ஸ்

கடன் கொடுக்கும் இடத்தில் காகிதத்தைப் படித்துப் பார்ப்பவர் மிகச் சிலர். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே வழக்கமாகிவிட்டது. அந்தக் கையெழுத்துக்களில் ஒன்று இன்ஷ்யூரன்ஸ் விண்ணப்பத்துக்கு உரியதாயிருந்தால், வாங்கியவருக்கே அது தெரியாமற் போகிறது. இதனால் விளையும் நஷ்டம் என்ன, தெரிந்துகொள்ளும் வழி என்ன என்பதை இவ்வாரம் கவனிப்போம்.

முதலில் சீமைக் கதை ஒன்று. நோயோ வேலையிழப்போ நேர்ந்தால் கடன் தவணையை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும் என்று சொல்லி, பிரிட்டிஷ் பாங்குகள் சுமார் 6 கோடியே 40 லக்ஷம் பாலிஸிகளை விற்றன. சொந்தத் தொழில் செய்வோருக்கும் இவை விற்கப்பட்டன. அவர்களிற் பலர் எக்காலத்திலும் பயன் கோர முடியாதபடி ஷரத்துக்கள் இருந்தன. பிளெவின் வழக்கில் 2014-ஆம் வருஷம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, அந்த அம்மையார் கட்டிய பிரீமியத்தில் 71 சதவிகிதத்துக்கு மேல் கமிஷனாகவே போயிருந்தது வெளியாயிற்று. பாங்குகள் 2011 முதல் 3,800 கோடி பவுனுக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. மனுச் செய்ய 2019 ஆகஸ்டு 29 கடைசி நாள் என்று விதித்து, ‘உங்களுக்கு இது விற்கப்பட்டதா என்று பாருங்கள்’ என ஊரெங்கும் விளம்பரம் செய்தார்கள். தாம் பாலிஸி வாங்கியதே அறியாதவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள்!

சீமையை விட்டு நம் கரிசல் பூமிக்கு வருவோம். கோவில்பட்டிக்கு மேற்கே இளையரசனேந்தல் என்னும் பழைய ஜமீன் ஊர் இருக்கிறது. சுற்றிலும் வானம் பார்த்த நிலம். பருத்தியும் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விளைகிற மண். மழை தவறினால் கடன், மழை மிஞ்சினாலும் கடன். இவ்வூர்ப் பிர்க்கா வருவாய்க் கணக்கில் சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து கோவில்பட்டித் தாலுகாவுக்கு மாற்றப்பட்டபோது, ஊராட்சிகள் குருவிகுளம் ஒன்றியத்திலேயே வைக்கப்பட்டன. ஒரே ஊராருக்கு ஒரு காரியத்துக்குக் கிழக்கேயும் மற்றொன்றுக்கு மேற்கேயும் நடை.

கடனோடு வரும் இன்ஷ்யூரன்ஸும் இத்தகையதே. கடன் கொடுத்தது ஒரு ஸ்தாபனம். இன்ஷ்யூரன்ஸ் செய்தது வேறொரு கம்பெனி. பெரும்பாலும் இது குழு இன்ஷ்யூரன்ஸாக இருக்கும். மூலப் பாலிஸி கடன் கொடுத்தவர் கையில். கடன் வாங்கியவருக்கு உரியது ஓர் அத்தாட்சிப் பத்திரம் மட்டும். பிரீமியத்தை மொத்தமாகக் கடன் தொகையோடு கூட்டிவிடுவதும் உண்டு. உதாரணமாக, 3,000 ரூபாய் பிரீமியம் 24 சதவிகித வட்டியுள்ள இரண்டு வருஷக் கடனில் சேர்ந்தால், மாதத் தவணைக் கணக்கில் அதற்கு வட்டியாக மட்டும் சுமார் 800 ரூபாய் ஆகிறது. இன்ஷ்யூரன்ஸுக்கும் வட்டி!

இன்ஷ்யூரன்ஸே கெடுதல் என்பது நம் அபிப்பிராயமன்று. சம்பாதிக்கிறவர் திடீரெனக் காலமானால், மிச்சக் கடன் குடும்பத்தின் தலையில் விழாமல் காப்பது இதுதான். ஆனால் பாலிஸி இருப்பதே அறியாத மனைவி என்ன செய்வாள்? கணவன் கடனுக்காகத் தாலிப்பொன்னை விற்றுத் தவணை கட்டுவாள். கோரிக்கை மனு யாராலும் எழுதப்படாமலே கிடக்கும். அறியாமல் கட்டிய பிரீமியத்தைவிட, அறியாமல் கோராமற் போன தொகையே பெரிய நஷ்டம். ஆகையால் பணம் திரும்பப் பெற விரும்புவோர் மட்டுமல்லாமல், எல்லோருமே பரிசோதித்துப் பார்ப்பது அவசியம்.

எப்படிப் பார்ப்பது? கடன் அனுமதிக் கடிதத்தில் கண்ட தொகையையும், கைக்கு வந்த தொகையையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அது எதற்கு என்று எழுத்து மூலம் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றை, கடன் வாங்குபவருக்குப் புரியும் பாஷையில் கொடுக்க வேண்டுமென்று ரிஸர்வ் பாங்கு விதித்திருக்கிறது. இன்ஷ்யூரன்ஸ் கட்டணத்தை அதில் தனியாகக் காட்டி, ரசீதும் கொடுக்க வேண்டும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறு கடன்களுக்கு 2022-ஆம் வருஷ விதிகள் உண்டு. கடனைத் தவிர்ந்த எதையும் வாங்குவது முழுக்க அவரவர் இஷ்டம். அதன் கட்டணமும் கடன் அட்டையில் இருக்க வேண்டும். ‘இதை எடுத்தால்தான் கடன்’ என்று ஒருவர் சொன்னால், விதியைக் காட்டும்படி கேட்கலாம்.

அடுத்து, பாஸ் புத்தகத்தில் மே, ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். 436 ரூபாய் பற்று இருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம். 20 ரூபாயானால் சுரக்ஷா விபத்துத் திட்டம். இரண்டும் 2015-இல் தொடங்கியவை. 2022 ஜூன் முதல் இத்தொகைகள். முன்னதில் எந்த மரணத்துக்கும், பின்னதில் விபத்து மரணத்துக்கும் 2 லக்ஷம் ரூபாய் உண்டு. சேர்வதற்குச் சம்மதம் வேண்டும். இரண்டு பாங்குக் கணக்குகளில் இரண்டு முறை பிடித்தாலும் காப்புத் தொகை 2 லக்ஷந்தான். அதிகமாகக் கட்டியது பறிபோகக்கூடும். ஆகவே ஒன்றை நிறுத்திவிடுவதே விவேகம்.

பயிர்க்கடன் வாங்கிய விவசாயிக்கு 2016 முதல் பயிர் இன்ஷ்யூரன்ஸ் கட்டாயமாயிருந்தது. 2020 சாகுபடிப் பருவத்திலிருந்து அது அவரவர் விருப்பம். வேண்டாதவர் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், மௌனம் சம்மதமாகிவிடும். விவசாயியின் பங்கு, உளுந்து போன்ற உணவுப் பயிர்களுக்குக் காரீப் பருவத்தில் 2, ராபியில் 1.5 சதவிகிதம், பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 சதவிகிதம் வரை. வைத்திருப்பவர்கள் ரசீதில் பயிரின் பெயரும் ஸர்வே எண்ணும் சரியா என்று பார்க்க வேண்டும். உளுந்து விதைத்தவர் பத்திரத்தில் மக்காச்சோளம் என்றிருந்தால் வறட்சி வந்தபோது வருத்தமே மிஞ்சும்.

வேண்டாத பாலிஸி என்று தெரிந்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. கடனை முன்கூட்டியே அடைத்தவர்கள், மிச்சக் காலத்துக்கு உரிய பிரீமியம் திரும்புமா என்று கேட்கலாம். சம்மதமின்றிச் சேர்த்திருந்தால் கடன் கொடுத்த ஸ்தாபனத்துக்கு முதலில் எழுதுங்கள். 30 நாளில் திருப்தியான பதில் இல்லையேல் ரிஸர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கோரிக்கையை மறுத்தால், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனுச் செய்யலாம். வக்கீல் தேவையில்லை.

கடைசியாகக் குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, கடன் காகிதங்களையும் பாஸ் புத்தகங்களையும் வெளியே எடுங்கள். எந்தக் கடனுக்கு எந்தக் கம்பெனி, எவ்வளவு தொகை, வாரிசாக யார் பெயர் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாரிசு என்ற இடத்தில் பத்து வருஷத்துக்கு முன் காலமான மாமியாரின் பெயர் இருந்தால், அதை மாற்றும் வேலை திங்கட்கிழமை காலையிலேயே நடக்கட்டும்.