பிள்ளை யாருடைய பொறுப்பு? ஓர் அமெரிக்கத் தீர்ப்பும் நமக்கான கேள்வியும்

2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'மஹ்மூத் எதிர் டெய்லர்' வழக்கில் தீர்ப்பளித்தது. மேரிலாண்ட் மாநிலத்தின் மாண்ட்கமெரி கவுண்டி அரசுப் பள்ளிகளில், ஒருபாலினத் திருமணம், பாலின மாற்றம் போன்றவற்றை இயல்பானவையாகச் சித்திரிக்கும் கதைப் புத்தகங்கள் 2022இல் சேர்க்கப்பட்டன. அவை வாசிக்கப்படும்போது பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு முதலில் அனுமதி இருந்தது. 2023 மார்ச்சில் அது ரத்து செய்யப்பட்டது. முஸ்லிம் பெற்றோரும் கிறிஸ்தவப் பெற்றோரும் இணைந்து நீதிமன்றம் சென்றனர். வழக்கு நடக்கும் காலத்தில் முன்கூட்டியே தகவல் தரவேண்டும், விலகவும் அனுமதிக்க வேண்டும் என்று 6-3 பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இதை முஸ்லிம்களின் வெற்றி என்று கொண்டாடுவதோடு நிறுத்தினால் பாதி விஷயத்தைத் தவறவிடுவோம். இந்தக் கதவை முதலில் தட்டியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். 1922இல் ஓரிகன் மாநிலம், எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே வரவேண்டும் என்று சட்டம் போட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடவைப்பதே அதன் உள்நோக்கம். கூ க்ளக்ஸ் கிளான் அதை ஆதரித்தது. கன்னியாஸ்திரீகளின் சபை ஒன்று எதிர்த்து நின்றது. பிள்ளை அரசின் உடைமை அல்ல என்று 1925இல் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1972இல் ஆமிஷ் பெற்றோர் இதே உரிமைக்காகப் போராடி வென்றனர். அவர்கள் வாங்கிக் கொடுத்த நிழலில்தான் இன்று முஸ்லிம் பெற்றோர் நிற்கிறார்கள்.

இந்த விவாதத்தில் 'லிபர்டேரியன்கள்' எனப்படும் சுதந்திரவாதிகளின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. பிறருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவரின் வாழ்வில் அரசு தலையிடக் கூடாது என்பது இவர்களின் கொள்கை. கல்விக்கு அரசு பணம் தரட்டும், ஆனால் பள்ளிகளை அரசே நடத்தத் தேவையில்லை. பணத்தைப் பெற்றோரிடம் கொடுத்தால் பள்ளியை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று 1955இலேயே மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். அந்த வழியில் அரிசோனா 2022இல் இத்தகைய திட்டத்தை எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. டெக்ஸாஸ் 2025 மே மாதம் நூறு கோடி டாலர் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுதந்திரம் பேசும் அரசியல்வாதிகள் எல்லோரும் அதை எல்லோருக்கும் தருகிறார்களா? டெக்ஸாஸ் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் கிரெக் அபாட். ஈஸ்ட் பிளேனோ இஸ்லாமிக் சென்டரைச் சேர்ந்தவர்கள் டாலஸுக்கு வடகிழக்கே 402 ஏக்கரில் வீடுகள், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் அடங்கிய குடியிருப்பு ஒன்றைத் திட்டமிட்டனர். சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஆண்டில் அதே அபாட் அதற்கு எதிராக மாநிலத் துறைகளை ஏவினார். மத்திய நீதித்துறையும் விசாரித்தது; ஜூன் மாதம் யார் மீதும் வழக்குப் போடாமல் முடித்துக்கொண்டது. சொந்தப் பணம், சொந்த நிலம், சொந்தப் பள்ளி. சுதந்திரவாதக் கொள்கைப்படி இதில் அரசுக்கு என்ன வேலை? கொள்கை வேறு, அதைக் கையில் எடுக்கும் கட்சி வேறு. இதை மறந்து யாரையும் நிரந்தர நண்பன் என்று நம்பிவிடக் கூடாது.

கொள்கையிலும் நமக்கு எல்லை உண்டு. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகு, விளையாட்டுச் சூதாட்டம் பெரும்பாலான மாநிலங்களில் சட்டபூர்வமாகிவிட்டது. ஆட்டம் பார்க்க உட்காரும் சிறுவனின் கண்முன் பந்தய விளம்பரம் ஓடுகிறது. அவரவர் பணம், அவரவர் விருப்பம் என்பார்கள் சுதந்திரவாதிகள். சூதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பாவமே பெரிது என்று அல்குர்ஆன் (2:219) அறிவிக்கிறது. சூதில் தோற்பவன் தனியாகத் தோற்பதில்லை. அவன் மனைவியின் நகையும் பிள்ளையின் படிப்பும் சேர்ந்தே போகின்றன.

இனி நம் பக்கம் திரும்புவோம். மேரிலாண்ட் பெற்றோருக்குக் கிடைத்த உரிமையைப் போன்ற ஒன்று நம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 28(3). நம் பிள்ளையிடம் வேறொரு வழிபாட்டைத் திணித்தால் இந்தப் பிரிவைக் காட்டித் துணிந்து கேட்கலாம். அதேபோல் முஸ்லிம்கள் நடத்தும் பள்ளியில் படிக்கும் மாற்றுமதப் பிள்ளையின் பெற்றோரிடமும் இந்தச் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற வசனத்தை (2:256) மேடையில் ஓதும் நாம், அதை நம் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தத் தீர்ப்பு பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துவரத்தான் உதவும். வெளியே வந்த பிள்ளைக்கு எதைக் கற்றுத் தருவது என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லாது. நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). பள்ளியில் தடுத்த கதையைப் பிள்ளை அன்றிரவே கைப்பேசியில் பார்க்க முடியும். அப்போது அருகில் அமர்ந்து பேச வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நேரமில்லையென்றால், வென்ற வழக்கால் என்ன பயன்? பிள்ளைகள் அரசின் உடைமை அல்லர். நம் உடைமையும் அல்லர். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் பெற்றோராக அவன் நம்மை ஆக்குவானாக!