ஜாதவ்பூர் வானொலியும் டாக்குரியாச் செய்தியும்

கொல்கத்தாவின் சியால்டாவிலிருந்து தெற்கே போகும் மின்ரயில் டாக்குரியாவைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் ஜாதவ்பூர். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒரு சமூக வானொலி நடத்துகிறது. டாக்குரியாத் தெருக்கள் அதற்குக் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அந்தத் தெருக்களில் நேற்று என்ன நடந்தது என்று தானே விசாரித்துச் செய்தி சொல்ல அதற்கு அனுமதி கிடையாது. நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உரிமை, தனியார் வானொலிக்கும் சமூக வானொலிக்கும் இன்றுவரை மறுக்கப்படுகிறது.

இப்படிப்பட்ட தடையைக் கொல்கத்தா முன்பும் கண்டிருக்கிறது. உரிமம் இல்லாமல் யாரும் ஏடு நடத்தக் கூடாது என்று 1823இல் தற்காலிகக் கவர்னர் ஜெனரல் ஜான் ஆடம் உத்தரவிட்டார். ராம்மோகன் ராய், துவாரகநாத் தாகூர் உட்பட ஆறு பேர் நகரின் உச்ச நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள், தள்ளுபடியானது. பிரிட்டிஷ் மன்னருக்கு அனுப்பிய முறையீடும் பலிக்கவில்லை. உரிமம் கேட்டு நிற்க மனமில்லாத ராய், தம் பாரசீக இதழான ‘மிராத்-உல்-அக்பாரை’ நிறுத்திவிட்டார். 1835இல் அதே பதவியில் இருந்த மெட்காஃப் அந்தச் சட்டத்தை நீக்கியபோது ராய் உயிரோடு இல்லை. நகரத்தார் நன்றியோடு நிதி திரட்டி எழுப்பிய மெட்காஃப் மண்டபம் ஸ்ட்ராண்டு சாலையில் இன்றும் நிற்கிறது. சட்டத்தை நீக்கியவருக்கு மண்டபம் கிடைத்தது சரிதான். என் வணக்கம் தோற்றுப்போன அந்த ஆறு பேருக்கு.

அடுத்த பெரிய வழக்கும் இதே நகரத்தில்தான் பிறந்தது. 1993 ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் எதிர்த்தது. விளையாட்டுப் பணத்துக்காக நடந்த வழக்குதான். ஆனால் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, பணத்தகராறைத் தாண்டிப் போனது: வானலைகள் பொதுமக்களின் சொத்து, அரசும் அவற்றை ஏகபோகமாக வைத்துக்கொள்ள முடியாது.

பொதுமக்களின் சொத்து என்றார்களே தவிர, ஏலத்தில் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே கதவு முதலில் திறந்தது. மற்றவர்களுக்காக ஆர்வலர்கள் போராட வேண்டியிருந்தது. 1996இல் பெங்களூரிலும் 2000இல் தெலங்கானாவின் பஸ்தாபூரிலும் கூடிச் சமூக வானொலி கேட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். அரசு முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இணங்கியது; சென்னையில் 2004இல் அண்ணா பல்கலைக்கழக நிலையம் ஒலித்தது. தொண்டு அமைப்புகளுக்கு 2006 வரை வழியில்லை. பஸ்தாபூர்ப் பகுதித் தலித் பெண்கள் அதுவரை ஓய்ந்திருக்கவில்லை. நிகழ்ச்சிகளை நாடாவில் பதிந்து, ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டிவந்தார்கள். 2008 அக்டோபரில் அவர்களுடைய ‘சங்கம் வானொலி’ காற்றில் ஏறியது.

எஞ்சியிருப்பது செய்தி. அந்தத் தடையை எதிர்த்து ‘காமன் காஸ்’ அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றம் சென்றது. தடை என்னவெல்லாம் விழுங்குகிறது என்பதை டாக்குரியா அறியும். 2011 டிசம்பர் 9 விடியலுக்கு முன் அங்கே தனியார் மருத்துவமனை ஒன்று தீப்பிடித்துச் சுமார் 90 பேர் இறந்தார்கள். புகையைக் கண்டு முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்துப் பஞ்சானன்தலாக் குடிசைவாசிகள். அவர்கள் கண்டதைச் செய்தியாகச் சொல்ல, எட்டும் தூரத்தில் இருக்கும் சமூக வானொலிக்கு விதி இடம் தராது.

பாதுகாப்புக் கெட்டுவிடும் என்பது அரசின் அச்சம். அந்த அச்சம் இருந்தாலும் உள்ளூர்ச் செய்தியையாவது உடனே அனுமதிக்கலாம். அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகள் சமூக வானொலிகளையும் கட்டுப்படுத்துகின்றன. ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்கவும் அவை கடமைப்பட்டவை. பொய்ச் செய்தி என்று புகார் வந்தால் விசாரிக்க அந்தப் பதிவே கையில் இருக்கும்.