வேலைக்குக் கொம்பு ஒடிந்தால்



திருவள்ளூருக்குப் பழைய பெயர் திருஎவ்வுள். முதியவர் வடிவில் வந்த பெருமாள், சாலிஹோத்திர முனிவரிடம் "படுத்து இளைப்பாற எவ்வுள்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியே ஊருக்குப் பெயராகிவிட்டது என்கிறது தலபுராணம். கேள்வியைப் பெயராகச் சூட்டிக்கொண்ட ஊர்கள் நாட்டில் எத்தனை இருக்கும்? அந்த மாவட்டத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இந்த இதழின் சிறுவர் பகுதி முழுவதையும் விடுகதைக்கும் சொல் விளையாட்டுக்கும் கொடுத்திருக்கிறோம். குறிப்பாக, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு.

ஏன் அந்த வயது? எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்க, எழுத, கணக்குப் போட வேண்டும் என்ற நோக்கத்தோடு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை அரசு தொடங்கியது 2022 ஜூன் 13 அன்று. தொடங்கிய இடம் இதே மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகு பிள்ளைக்கு அடுத்து என்ன? ஒன்பது, பத்து வயதில் ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருப்பது கண்ணில் படத் தொடங்கும். பட்டதும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைத் தவறவிட்டால் பிறகு தமிழ் வெறும் பாடமாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் எழுத்துக்குக் கால் உண்டு, கொம்பு உண்டு, சுழி உண்டு. இவ்வளவு உறுப்புகளோடு ஒரு மொழி கிடைத்திருக்கும்போது விளையாடாமல் இருக்கலாமா? பாலுக்குக் கால் போனால் பல். மாலைக்குக் கால் போனால் மலை. பழவேற்காட்டு ஏரியில் நீண்ட காலோடு நிற்கும் நாரைக்குக் கால் போனால் நரை! தலையெழுத்தை எடு, நடுவெழுத்தை எடு என்பது இன்னொரு வகை. 'கவிதை'யில் முதல் எழுத்தை எடுத்தால் மண்ணில் போடும் விதை, நடு எழுத்தை எடுத்தால் பாட்டி சொல்லும் கதை, கடைசி எழுத்தை எடுத்தால் பாடுகிற கவி. சாதிச் சான்றிதழ் முதல் ரேஷன் அட்டை வரை அச்சாகும் 'மாவட்டம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவை எடுத்தால் வட்டம் மிஞ்சும். வட்டத்தில் 'ட்' உதிர்ந்தால் திருவள்ளூர் வீரராகவர் தேரை இழுக்கிற வடம்.

தேர் என்றதும் 'தேரு வருதே' நினைவுக்கு வருகிறது. பின்னாலிருந்து படித்தாலும் தேரு வருதே. விகடகவியும் அப்படித்தான். அப்பா தினமும் கம்பெனி வாசலில் வைத்துவிட்டுப் போகும் 'கைரேகை'யும் அப்படித்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் விரலையே ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். இதற்கு மாலைமாற்று என்று பெயர். சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார்.

இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுகதையைப் 'பிசி' என்ற பெயரில் செய்யுள் வகைகளுள் ஒன்றாகச் சேர்த்து இலக்கணம் சொன்னவர் தொல்காப்பியர். பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் கட்டினார். களம், கோட்டை, போர் என்ற சொற்கள் போதுமானவையாக இருந்தன அவருக்கு. நெல்லடிக்கும் களமும் களம்தான், சண்டை நடக்கும் களமும் களம்தான். அடுக்கி வைத்த வைக்கோலும் போர், யானை போகும் சண்டையும் போர். பொன்னேரி பக்கத்து வயலில் வைக்கோல்போரைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்க உரைநூல் வேண்டாம்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், நிலையத்துக்கு ஒரு புதிர் ஜன்னலோரம் வரும். ஆயிரத்துக்கு இருநூறு குறைந்த ஊர் எது? எண்ணூர் என்று உடனே பதில் வரும். அப்போது விடக்கூடாது. "எந்த ர?" என்று கேட்க வேண்டும். எண்ணூறுக்கும் எண்ணூருக்கும் உள்ள வேறுபாட்டை நூறு முறை எழுதச் சொல்லி வரவழைக்க முடியாத தெளிவு இந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். அடுத்து, முன்பாதியைத் தின்னலாம், பின்பாதியை உடுத்தலாம், இறங்கிப் பார்த்தால் அனல் மின் நிலையம்: அத்திப்பட்டு. தங்கம் நிறைந்த ஏரி, ஆனால் அள்ள முடியாது: பொன்னேரி. கடைசியில், முன்னால் பெண்கள் கைதட்டி ஆடுவார்கள், பின்னால் 1944-இல் கட்டிய நீர்த்தேக்கம் இருக்கும், நடுவில் இடி இடிக்கும்: கும்மிடிப்பூண்டி.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கடையில் கிடைக்கும் விடுகதைப் புத்தகங்களைப் புரட்டினால் கிணறு, ஏற்றம், உரல், ஆட்டுக்கல், பனைமரம் என்றுதான் வரும். அவை அருமையானவை, அவற்றை இழக்கக் கூடாது. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஒற்றை அறை வீட்டில் வளரும் பிள்ளை ஏற்றத்தை எங்கே பார்த்தது? விடையாக வரும் பொருளைப் பார்த்திராத பிள்ளைக்கு விடுகதை போட்டால், அது யோசிக்காது, மனப்பாடம் செய்யும். விடுகதையைப் பொதுஅறிவுக் கேள்வி ஆக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். உரலைப் பார்த்தவர்கள் உரலுக்கு விடுகதை கட்டினார்கள். கன்டெய்னர் லாரியைப் பார்க்கிற பிள்ளைகள் அதற்கல்லவா கட்ட வேண்டும்?

அண்மையில் அந்தப் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். "உங்க தெருவில இருக்கிற ஒண்ணுக்கு நீங்களே விடுகதை போடுங்க" என்றதும் கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்து நின்று சொன்னாள்:

"ஒத்தக் கால்ல நிப்பான், வாயால மேகம் விடுவான், மழை மட்டும் தர மாட்டான்."

புகைபோக்கி! வகுப்பே கை தட்டியது. புகைபோக்கி பற்றி ஒரு பிள்ளை சொல்லக்கூடிய புகார் முழுவதும் அதற்குள் இருந்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன் பிறகு வரிசையாக வந்தன. கதவு உண்டு, ஜன்னல் இல்லை. ஊரெல்லாம் போவான், சொந்தக் கால் இல்லை: கன்டெய்னர். கழுத்தில் கயிறு, மாடு இல்லை. நெஞ்சில் முகம், கண்ணாடி இல்லை: அப்பாவின் அடையாள அட்டை.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுத்து விளையாட்டுப் போட்டான். மீனவர் வீட்டுப் பிள்ளை. "வேலைக்குக் கொம்பு ஒடிஞ்சா என்ன?"

"வலை!" என்றார்கள் இரண்டு பேர். பக்கத்தில் இருந்தவள் மட்டும் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுக் கை தூக்கினாள்.

"லைக்கும் கொம்பு இருக்குல்ல? அதையும் ஒடிச்சா 'வல'ன்னுதான வரும்?"

பையன் ஒரு நிமிஷம் யோசித்தான். "சரி, முதல் கொம்பு ஒடிஞ்சா" என்று திருத்திக்கொண்டான். இருவருக்கும் சேர்ந்தே கை தட்டினோம். ஒரு வரியை எழுதி, அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஒரு சொல்லால் அடைக்கிற வேலையைப் பத்து வயதில் செய்துவிட்டார்கள். பத்திரிகை அலுவலகத்தில் நாங்கள் நாள் முழுவதும் செய்வதும் அதுதான். பழந்தமிழில் 'வேலை' என்றால் கடல் என்றும் பொருள் உண்டு என்று நான் சொன்னபோது அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பாதிக்கு மேல். எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, வேறெப்படி இருக்கும்? தெலுங்கில் விடுகதைக்குப் 'பொடுபு கத' என்று பெயர். வேலைக்கு வந்த வட மாநிலத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது 'பஹேலி'. அமீர் குஸ்ரோ (1253–1325) கட்டியதாகச் சொல்லப்படும் பஹேலிகளை அவர்கள் பாட்டிமார் இன்றும் சொல்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமின் பெரியவர்களைக் கேட்டால் 'நொடி' என்பார்கள். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு மொழியில் ஒன்றைக் கேட்டு வரட்டும். தமிழில் மாற்றிச் சொல்லட்டும். சொல் விளையாட்டு மொழி மாறினால் உடைந்துபோகும். பொருளைக் காட்டும் விடுகதை பிழைத்துக்கொள்ளும். எது பிழைக்கிறது, எது உடைகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தமிழ் இன்னும் சரளமாக வராத பிள்ளைக்கு அன்று வகுப்பில் எல்லாரும் காது கொடுப்பார்கள். பள்ளிக்கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு நடத்தும் 'ஊஞ்சல்' இதழுக்கும் இவற்றை அனுப்பலாம்.

பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். உட்கார்ந்து பாடம் சொல்லித்தர நேரம் இருக்காது. விடுகதைக்குப் புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், செல்போனில் சார்ஜ் வேண்டாம். சாப்பிடும்போது ஒன்று போடுங்கள். ஒன்றே ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை கெஞ்சும், கோபித்துக்கொள்ளும். இரவு முழுக்க அது தலைக்குள் ஓடட்டும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து விடை சொல்லும். நீங்கள் நினைத்திராத வேறொரு விடையைச் சொன்னாலும், அது பொருந்தினால் ஒத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் மட்டும் போட வேண்டாம்.

பிள்ளைகளே, அடுத்த இதழில் இரண்டு பக்கங்கள் உங்களுக்கு. நீங்களே கட்டிய விடுகதையை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயரும் வகுப்பும் ஊரும் இருக்கட்டும். விடையை மூலையில் தலைகீழாக எழுதுங்கள். படித்துவிட்டு நாங்களும் கொஞ்சம் திண்டாட வேண்டுமே! புத்தகத்தில் பார்த்து எழுதியது வேண்டாம். உங்கள் தெரு, உங்கள் ஏரி, அம்மா வேலை செய்யும் இடம், பள்ளி வாசலில் ஐஸ் விற்கும் வண்டி, எதுவும் சரி.

உங்களுக்கு என்னிடமிருந்து ஒன்று. தமிழ்நாடு முடிகிற இடத்தில் நிற்கும். பெயரைச் சொல்ல வாய் திறந்தால் ஆரம்பம். அது எந்த ரயில் நிலையம்? விடை அடுத்த இதழில்.

அன்புடன்,
ஆசிரியர்