இல்லறப் பகுதி: அடுக்களைக் கழிவிலே கீரை

மாஹிமிலும் தாராவியிலும் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் நம் சகோதரிகளிடம் தோட்டம் போடுங்கள் என்றால் நகைப்பார்கள். ஜன்னல் கம்பிக்கருகே இரண்டு தொட்டி வைக்க இடமிருந்தால் அதுவே பாக்கியம். ஆயினும் அந்த இரண்டு தொட்டிகளுக்கு விதை வாங்க வேண்டியதில்லை. மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து கொணர்ந்த காய்கறியில் நாம் கழித்து எறிவதே போதும். மழைக்காலத்தில் கீரை விலை ஏறும்பொழுது இதன் அருமை புலப்படும்.

புதினாவை ஆய்ந்தபின் காம்பை எறியாதீர்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் களைந்து நீரில் நிறுத்தினால், ஒன்றிரண்டு வாரத்தில் வேர்விடும். பின்னர் மண்ணில் ஊன்றலாம். கொடிப்பசலையின் தண்டு நேரே மண்ணிலேயே வேர்பிடிக்கும். வெங்காயத்தாளை வேரிலிருந்து இரண்டங்குலம் விட்டு நறுக்கினால் மீண்டும் தழைக்கும். கேரட்டின் தலையை நீரில் வைத்தால் மறுபடி கேரட் கிடைக்கும் என்று கூறுவோர் உளர். நம்பவேண்டாம், தழை வரும், கிழங்கு வராது.

முளை கண்ட இஞ்சியையும் சேப்பங்கிழங்கையும் மழைக்கு முன்னர், மே மாதக் கடைசியில் நடுவது நலம். இஞ்சி முற்றுவதற்கு எட்டு மாதமேனும் பிடிக்கும். சேம்பின் இலையை மராட்டியர் ‘அளூ’ என்பர்; அதில் கடலைமாவு தடவிச் சுருட்டி அவிக்கும் பண்டத்தை அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கற்கலாம். புளி சேர்த்து நன்றாக வேகவைக்காவிடில் தொண்டை அரிக்கும்.

தொட்டிக்குத் தாராவிக் கும்பார்வாடாவே இருக்கிறது. எருவுக்குக் காய்த் தோலையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி மக்கவைத்தால் போதும். குப்பையிலிருந்து பசுமை வருமா என்று ஐயுறுவோர், தாராவியை ஒட்டி மித்தி நதிக்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்குச் சென்று பாருங்கள். 1994-ல் திறக்கப்பட்ட அப்பூங்கா, முன்னர் நகரத்துக் குப்பை கொட்டிய இடம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை; நம் வீட்டுக் குவளையில் தேங்கும் தெளிந்த நீரையே நாடும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே செல்லும். ஆகையால் வேர்விட வைத்த நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி மாற்றுங்கள். முட்டை குவளையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் நாரால் தேய்த்துக் கழுவுதல் அவசியம். மழை தொடங்கிய பின்னர் குவளையே வேண்டாம். தண்டை நேரே மண்ணில் ஊன்றி, தொட்டிக்கு அடியிலுள்ள தட்டையும் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள்.