பிரஷர் நார்மல் என்றால் எல்லாம் நார்மலா?

"பிரஷர் 110 இருக்கிறது, காய்ச்சலும் இல்லை. செப்சிஸாக இருக்காது, காலையில் பார்ப்போம்." தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினையாற்றி உறுப்புகளைக் கெடுக்கும் செப்சிஸைப் பற்றி, அவசர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. ரத்த அழுத்தம் சரிந்தால் ஆபத்து என்பது சரி. குறையாவிட்டால் ஆபத்தில்லை என்பது தவறு.

1. ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை விரட்டி, உடல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாங்குதிறன் தீரும்போதுதான் எண் சரிகிறது. தீரும்வரை காத்திருப்பதற்குப் பெயர் சிகிச்சையா?

2. வழக்கமாக 170 இருப்பவருக்கு 110 எப்படி நார்மல்?

3. முதியவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் காய்ச்சல் வராமலே போகலாம். உடல் சில்லிட்டும் போகலாம்.

4. மூச்சின் வேகம், மனக்குழப்பம், சிறுநீரின் அளவு, லாக்டேட்: இவற்றைப் பார்த்தீர்களா? செப்சிஸ் சிகிச்சை பற்றி 2001இல் வெளியான ரிவர்ஸ் குழுவின் ஆய்வு, அழுத்தம் குறையாதவர்களையும் லாக்டேட் 4 mmol/L-ஐத் தொட்டால் சேர்த்துக்கொண்டது.

5. "அப்படியானால் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக்கா?" இல்லை. 2021இன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் தெளிவாகப் பிரிக்கிறது. ஷாக் (ரத்த ஓட்டச் சரிவு) இருந்தாலோ, செப்சிஸுக்கு வாய்ப்பு மிக அதிகம் என்றாலோ 1 மணி நேரத்துக்குள். ஷாக் இல்லாமல் சந்தேகம் மட்டும் என்றால் விரைந்து ஆராய வேண்டும். சந்தேகம் நீடித்தால் 3 மணி நேரத்துக்குள். 'காலை வரை' என்றொரு பிரிவு அதில் இல்லை.