முதல் மூன்று திங்களின் மௌனம்

மேகத்துக்குச் சூல் உண்டு, சங்குக்குச் சூல் உண்டு, கதிர் ஈனுமுன் நிற்கும் நெல்லுக்கும் சூல் உண்டு என்று கூறி மகிழ்ந்த மொழி நம்முடையது. அம்மொழி வழங்கும் நாட்டிலேயே, மகள் ஒருத்தி கருக்கொண்ட முதல் மூன்று திங்களும் அச்செய்தி வீட்டின் உள்ளறையைத் தாண்டுதல் ஆகாது என்னும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. திருவாரூரைச் சூழ்ந்த ஊர்களில் இதனை அறியாதார் இலர். கண்ணேறு படும் என்பார் சிலர்; தங்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பார் பலர். ஏழாம் திங்களில் வளையலும் சந்தனமும் பலவகைச் சோறுமாக ஊர் கூடும். முதல் திங்களிலோ செவிலியர்க்கும் செய்தி எட்டாது. இம்மௌனம் இனியும் வேண்டுவதன்று என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது. அதற்குரிய காரணத்தை அண்மைக்கால உடலியல் ஆராய்ச்சி நமக்கு அளித்துள்ளது.

பிறர் தோலை எடுத்து நம் உடலில் ஒட்டினால் உடல் அதனை ஏற்பதில்லை. அயலானது என்று கண்டு அழித்துவிடும். கருவிலுள்ள சேயின் குறிகளிற் பாதி தந்தையுடையவை. தாயுடலுக்கு அவையும் அயலானவையே. அவ்வாறாயின் தாயுடல் அச்சேயை ஒன்பது திங்கள் தாங்குவது எங்ஙனம்? இவ்வினாவை 1953-ஆம் ஆண்டில் எழுப்பியவர் ஆங்கில நாட்டு அறிஞர் பீட்டர் மெடவார். இருவர்க்கும் இடையே சுவர் இருத்தல் வேண்டும், அல்லது தாயின் காவற்படை உறங்கிக் கிடத்தல் வேண்டும் என்பன போன்ற விடைகள் அக்காலத்திற் கருதப்பட்டன. பின்வந்த ஆராய்ச்சி காட்டிய உண்மை இவற்றினும் வியப்பானது. காவற்படை உறங்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தது.

கருவுற்ற முதற் சில வாரங்களில் கருப்பையின் உள்வரியில் வந்து குழுமும் வெள்ளணுக்களிற் பத்தில் ஏழு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அறிஞர் இட்ட பெயர் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்பது. குருதியில் உலவும் அவற்றின் உறவினங்கள் நோயுற்ற அணுக்களைக் கொல்வது மெய்யே. கருப்பையில் உள்ளவையோ கொல்லுந் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டுக் கட்டுந் தொழிலை மேற்கொள்கின்றன. தமிழ் பயிலும் எமக்கு இப்பெயர் உறுத்துகின்றது. ஆயினும் மேனாட்டாரை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. சேய்க்கு உணவும் உயிர்க்காற்றும் ஊட்டும் உறுப்பை நாமும் நஞ்சு என்றும் நச்சுக்கொடி என்றுமே வழங்கி வருகின்றோம்.

அவ்வணுக்கள் கட்டுவது யாது? கருப்பைச் சுவரில் சுருள் வடிவினவாகிய சிறு தமனிகள் உள. அவை இயல்பாகத் தசைச்சுவர் உடையன, குறுகியன, சுருங்கி விரிவன. கொல்லி அணுக்கள் சில தூதுப்பொருள்களைச் சுரந்து அத்தசைச் சுவரைத் தளர்த்துகின்றன. நஞ்சுக்கொடியின் புறத்தே வளரும் சேயின் அணுக்கள் பின்னர் அக்குழாயினுள் நுழைந்து, பழைய உள்வரியை நீக்கித் தாமே வரியாகி நிற்கின்றன. இடுங்கிய குழாய் பன்மடங்கு அகன்ற வாயுடையதாய், சுருங்கும் ஆற்றலும் இழந்து, குருதி தடையின்றி மெல்லப் பாய்தற்கு ஏற்றதாகின்றது. தாயின் அணுவும் சேயின் அணுவும் ஒன்றையொன்று தொட்டு அறிந்து செய்யும் வேலை இது.

காவிரிப் பாசனம் அறிந்த நமக்கு இதனை விளக்குதல் எளிது. மேட்டூரில் ஜூன் 12-ஆம் நாள் நீர் திறப்பது மரபு. அதற்குமுன் ஆறும் வாய்க்காலும் கண்ணி வாய்க்காலும் தூர்வாரப்படுதல் வேண்டும். நீர் வந்தபின் மண்வெட்டியுடன் இறங்குவார் இலர். கருப்பையிலும் அவ்வாறே. ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு வாரம்வரை சேயின் அணுக்கள் அத்தமனிகளின் வாயை அடைத்து மடைபோல நிற்கின்றன. பின்னரே மடை திறந்து தாயின் குருதி முழு அளவிற் பாய்கின்றது. தூர்வாரும் வேலையின் பெரும்பகுதி நாம் வாய் திறவாதிருக்கும் அம்மூன்று திங்களிலேயே தொடங்கி நடந்துவிடுகின்றது.

வாய்க்கால் அகலாது போனால் யாது நேரும்? நஞ்சுக்கொடி வாடும். வாடிய கொடி தாயின் குருதியிற் கலக்கவிடும் ஒரு புரதத்தை 2003-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஆராய்ந்து வெளியிட்ட குழுவிற்குத் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எஸ். அனந்த் கருமஞ்சி. எஸ்.எஃப்.எல்.டி-1 எனப்படும் அப்புரதம், குருதிக்குழாய்களைப் பேணும் வளர்காரணிகளைப் பற்றிக்கொண்டு பயனற்றனவாக்குகின்றது. தாயின் உடலெங்கும் குழாய்கள் நலிகின்றன, குருதியழுத்தம் ஏறுகின்றது, சிறுநீரிற் புரதம் இறங்குகின்றது, தலைவலியும் கண்மங்கலும் தோன்றுகின்றன, முற்றினால் வலிப்பு வருகின்றது. உலகில் நூறு கருப்பங்களில் இரண்டு முதல் எட்டுவரை இந்நோய்க்கு உள்ளாகின்றன. இருபது வாரத்திற்குப் பின்னரே இது வெளிப்படும். ஆனால், காலத்திற்கு முன் தோன்றும் கொடிய வகைக்கு வித்து பெரும்பாலும் முதல் மூன்று திங்களிலேயே ஊன்றப்பட்டுவிடுகின்றது. கால் வீங்கிய மகளை நோக்கி, நீர் கோத்துக்கொண்டது, பிள்ளை பிறந்தால் வடிந்துவிடும் என்று சொல்லி அமையும் வீடுகள் இன்றும் உள.

இனி, முன்னரே அறிவதால் பயன் உண்டோ என்று வினவலாம். உண்டு. இந்நோய் வரும் வாய்ப்பு மிக்க பெண்களுக்குப் பதினொன்று முதல் பதினான்கு வாரத்திற்குள் தொடங்கி நாள்தோறும் சிறிதளவு ஆஸ்பிரின் அளித்துப் பார்த்த ஆராய்ச்சியொன்று 2017-இல் வெளிவந்தது. மருந்து உண்ட 798 பேரில் 13 பேர்க்கும், வெற்று மாத்திரை உண்ட 822 பேரில் 35 பேர்க்கும் 37 வாரத்திற்கு முன்னரே நோய் வந்தது. யார்க்கு இம்மருந்து தகும் என்பதை மருத்துவரே ஆய்ந்து கூறுதல் வேண்டும். கடையில் வாங்கித் தாமே உண்பது தீங்கு. ஆனால் மருத்துவர் ஆய்வதற்கு அப்பெண் அவர் முன் சென்றிருத்தல் வேண்டுமன்றோ! சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியாரின் பெயரால் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டமும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுமாறு வேண்டுகின்றது. அதனைப் பணத்துக்காகச் செய்யும் பதிவு என்று எண்ணுவோர், பன்னிரண்டு என்னும் எண்ணின் பொருளை உணராதவர்.

மௌனத்தின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே அச்சம் இருத்தலைக் காண்கின்றோம். கண்ணேறு என்பது மேற்போர்வை. கரு கலைந்தால், பெண்ணின் ராசி, நடை, உணவு, அவள் தூக்கிய குடம் எல்லாம் குற்றக்கூண்டில் ஏற்றப்படும். சொல்லாமலிருந்தால் இப்பழி குறையும் என்பது அவள் கணக்கு. ஆனால் முதல் மூன்று திங்களிற் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, நிறப்புரிகளின் எண்ணிக்கை மாறுபாட்டால் நேர்வன. குடத்திற்கும் நடைக்கும் அதிற் பங்கில்லை. தமனி அகலாமையைப் பற்றியும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 2004-இல் ஒன்று கண்டனர். தாயின் கொல்லி அணுக்களிலுள்ள ஒருவகை ஏற்பியும் சேயின் அணுவிலுள்ள ஒருவகைக் குறியும் எதிர்ப்படும்போது நோய் வரும் வாய்ப்பு மிகுகின்றது என்பதே அது. அக்குறி தந்தைவழி வருதலும் கூடும். தந்தையைக் கூண்டில் ஏற்ற யாம் இதனைக் கூறவில்லை; எவரும் தேர்ந்தெடுக்காத ஒரு பொருத்தத்திற்கு ஒருத்தியை மட்டும் பொறுப்பாக்குதல் அறமன்று என்பதற்கே கூறினோம்.

நாட்கூலிப் பெண் ஒருத்திக்குப் பதிவு செய்யும் நாளும் கூலி இழக்கும் நாளே என்பாரும் உளர். இது மெய்யான தடை. நடவு இயந்திரங்கள் பெருகியுள்ள போதிலும் களையெடுப்பு இன்றும் நம் பகுதியிற் பெண்கள் தொழிலே. மருத்துவ மனை இருக்கும் இடமோ அவர்கள் வயலினின்றும் தொலைவு. திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இருந்தும், எட்டாம் வாரத்தில் அங்குச் செல்லும் உழவுத்தொழிலாளர் வீட்டு மகளுக்கு அரைநாள் கழிந்துவிடும். ஆதலின் கிராம சுகாதாரச் செவிலியர், வேலை தொடங்குமுன் வயலுக்கே வருதல் நன்று. குருதியழுத்தக் கருவியும் பதிவேடும் ஒரு பையில் அடங்குவன. வரப்பு மரத்தடியே போதும். நாள் தள்ளியதை வீட்டில் முதலில் அறிபவர் பெரும்பாலும் மாமியார். அவரிடம் முதலிற் பேசுதல் தக்கது. குறுவை நடவு நடைபெறும் ஆனியிலும் சம்பா நடவு நடைபெறும் புரட்டாசியிலுமேனும் இவ்வேற்பாட்டைத் திருவாரூர் வட்டத்திற் செய்து பார்க்கலாம்.